வெளிச்சம் ஆகாதது

தார்த்து நகரில் டிசம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது.
வெளிச்சம் பட்டால் சிதைந்துபோகும் மஞ்சளுக்கு,
ரைபோஃபிளேவினுக்கு,
இதைவிட நல்ல ஊர் கிடையாது.
என்றாலும் புட்டியைச் சுற்றி
அலுமினியத் தாளை இறுக்குகிறேன்.
குழல்விளக்கும் வெளிச்சம்தான் என்பார் ஐனார்.

ரத்த வங்கியிலிருந்து வந்த பையின்மேல்
ஓர் எண், ஒரு வயது: நாற்பத்தொன்று.
அவரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவராயிருக்கலாம்.
இரவு மூன்று மணிக்கு என் ஜன்னலடியில்
உறுமிக்கொண்டு போகிறவராகவே இருக்கலாம்.
அவருடைய வெள்ளையணுக்களில் கொஞ்சத்தைப்
பிரித்தெடுத்து, தட்டில் படியவைத்து,
ஒரு வாரம் சீராட்டி விழுங்கிகளாக்கி,
பிறகு பட்டினி போட்டேன்.

முழுப் பட்டினி என்று சொல்ல முடியாது.
சர்க்கரை உண்டு, உப்பு உண்டு,
ஃபோலேட் உண்டு, நயாசின் உண்டு,
செம்பருத்தி நிறத்தில் பி-பன்னிரண்டும் உண்டு.
பி-இரண்டு மட்டும் இல்லை.
எல்லாம் ஏற்றிய வண்டி,
அச்சாணி மட்டும் இல்லை.

நான்கு நாள்
நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியவில்லை.
தட்டோடு ஒட்டிக்கொண்டு, கால் நீட்டிப் படுத்து,
நன்றாயிருக்கிறோம் என்பதுபோல் கிடந்தன.
பசியைச் சிலர் முகத்தில் காட்டிக்கொள்வதில்லை.

ஐந்தாம் நாள் சீண்டினேன்.
செத்த பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து உரித்த துகள்,
கண்ணுக்குத் தெரியாத அளவு.
பகைவன் வரவில்லை, அவன் வாசனை மட்டும் வந்தது.
உண்டிருந்தவை கொஞ்சம் கத்தி அடங்கின.
பி-இரண்டு காணாதவை
அடங்கவில்லை.

குறிப்பேட்டில் ‘கத்தின’ என்றே எழுதியிருந்தேன்.
ஐனார் அதை அடித்துவிட்டு
‘சுரப்பு மிகுந்தது’ என்று மேலே எழுதினார்.
போகட்டும்.
எங்கள் எஸ்தோனிய மொழியில் அழற்சிக்கான சொல்லே
எரிதலிலிருந்து பிறந்தது.
அந்த நெருப்பை அவர் பேனா என்ன செய்யும்?

சுரந்ததை அளக்கும் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
முதலில் நீலம் பூக்கும்.
அமிலத்தின் ஒரு சொட்டு விழுந்ததும்
நீலம் மஞ்சளாகும்;
மஞ்சள் எவ்வளவு அடர்ந்ததோ அவ்வளவு எரிச்சல்.
நான் மறைத்துவைத்த மஞ்சள்
எங்கே இல்லையோ
அந்தக் குழிகள்தாம் ஆழ்ந்த மஞ்சள்.
தாவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
சாயம் வேறு, சத்து வேறு, ஹெல்வி, என்றான்.
தெரியும்.
தெரிந்தும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் இரண்டு மடங்கு ஊற்றிப் பார் என்றான்.
அவன் அம்மா மாத்திரையைக் கைப்பிடியாய் விழுங்குகிறவள்.
ஊற்றினேன்.
இரண்டு மடங்கு அமைதி வரவில்லை.
நிறைந்த குடத்தில் ஊற்றினால்
தரைதான் நனையும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.
அடுத்த பை, இருபத்துமூன்று வயது.
அதே புட்டி, அதே கை, அதே ஐந்து நாள்.
வித்தியாசம் தென்பட்டது,
ஆனால் இவ்வளவு இல்லை.
ஏனென்று தெரியவில்லை.
அந்தப் பக்கத்தை ஐனார் அடிக்கவில்லை.

இரண்டு வாரமாக என் வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பு.
காபி, காய்ந்த ரை ரொட்டி, மறுபடி காபி:
யாரோ என்னைத் தட்டில் வைத்து
ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டதுபோல.
குளிர்காற்றாகவும் இருக்கலாம்.
ஒரு தட்டு உடம்பாகிவிடாது,
ஒரு வெடிப்பு முடிவாகிவிடாது;
இதை மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

இருந்தாலும் இன்று ஈரல் பசை ஒரு டப்பா எடுத்தேன்.
பால் அடுக்கில்
கண்ணாடிப் புட்டிகள் விளக்கடியில் மினுங்கின.
அவற்றைத் தாண்டிக் கைவிட்டு
பின்வரிசை இருட்டிலிருந்து
அட்டைப்பெட்டி ஒன்றை உருவினேன்.
கல்லாவில் இருந்த பெண்
இவ்வளவு தேடலா என்று கேட்டாள்.
சிரித்தேன்.
வலித்தது.